பாட்டியின் ஸ்கேன் அறையில் உங்கள் மகள் பார்த்தது

சனிக்கிழமை ஈசூனிலிருந்து நீங்கள் இருவரும் மகளோடு வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனீர்கள். அதில் அவள் பேசியது ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய 'ஏ' நிலைத் தேர்வில் நல்ல முடிவுதான் வந்திருக்கிறது, ஆனால் இங்கே சிங்கப்பூரில் மருத்துவத்தில் இடம் கிடைக்காது என்று நீங்களே சொன்னீர்கள். பெரிய மாமா சொல்வதுபோல் வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, அதற்காக ஐந்தறை வீட்டை விற்று மூவறைக்கு மாறலாமா என்று கேட்டீர்கள். பதற்றப்படாதீர்கள், யோசிப்போம் என்று நேரில் சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து நீங்கள் விட்டுப்போன கணக்குத் தாளைப் பார்த்தபின் அப்படி ஆறுதல் சொன்னது தவறு என்று பட்டது. வீட்டை விற்காதீர்கள். அவளுக்குப் பொருந்துவது இங்கேயே கிடைக்கிற மெட்டீரியல்ஸ் என்ஜினியரிங், அதாவது பொருளறிவியல் படிப்பு என்று எனக்குப் படுகிறது.

முதலில் பணம். உங்கள் தாளில் கட்டணமும் தங்குமிடமும் சேர்த்து ஐந்து லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் இருக்கிறது. வீடு என்ன விலை போகும் என்று முகவர் சொன்ன தொகையை அப்படியே வரவில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகை உங்கள் கைக்கு வராது. வீட்டுக்காக, ஓய்வுக்காலக் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த பணம், அதற்கான வட்டியோடு, விற்றவுடன் உங்கள் சேமநிதிக் கணக்குக்கே திரும்பப் போகும். உங்கள் இருவருக்கும் இன்னும் ஐம்பத்தைந்து ஆகவில்லை, அதை ரொக்கமாக எடுக்க முடியாது. சேமநிதியைப் படிப்புக்குக் கடனாக எடுக்கும் திட்டமும் உள்ளூர்ப் படிப்புகளுக்குத்தான், வெளிநாட்டுக்குக் கிடையாது. சேமநிதிக்குத் திரும்பும் பணத்தைக் கழித்துப் பாருங்கள். மிச்சத்துக்கு வங்கிக் கடன் வாங்க வேண்டியிருக்கும், அதையும் நீங்கள் ஓய்வுபெறும் வயதில் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மாமா பெயர் சொன்ன கல்லூரியைப் பற்றி ஒன்று. வெளிநாட்டு மருத்துவப் பட்டம் எல்லாமே இங்கே செல்லும் என்று நினைக்கக் கூடாது. சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் பல்கலைக்கழகங்களின் பட்டியல் 2020இல் 160இலிருந்து 103 ஆகக் குறைக்கப்பட்டது. அப்புறமும் பட்டியல் மாறக்கூடியதுதான். இன்றைய பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று மாமா பார்த்தாரா? பார்க்கவில்லை என்று உங்கள் முகமே சொன்னது.

சரி, இனி அந்த ஐந்து நிமிடம். மருத்துவம் ஏன் பிடிக்கும் என்று அவளிடம் கேட்டேன். பாட்டிக்கு இதய ஸ்கேன் எடுத்தபோது கூட இருந்ததைச் சொன்னாள். மருத்துவர் என்ன சொன்னார் என்று அவளுக்கு நினைவில்லை. நெஞ்சின்மேல் வைத்து நகர்த்தினார்களே, அந்தக் கருவிக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி ஒலியை அனுப்பி அதையே திரும்பக் கேட்கிறது என்பதுதான் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன்பிறகு வீட்டு அடுப்பு லைட்டரைக் கழற்றிப் பார்த்திருக்கிறாள், நீங்கள் திட்டியிருக்கிறீர்கள். உள்ளே மின்கலம் இல்லை, பிறகு பொறி எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் கேட்டாள். மருத்துவராக விரும்பும் பிள்ளைகள் பலரோடு பேசியிருக்கிறேன். அவர்கள் நோயாளியைப் பற்றிப் பேசுவார்கள். உங்கள் மகள் பேசியது ஒரு பொருளைப் பற்றி.

அவள் கேட்ட இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே. பீசோஎலெக்ட்ரிக் செராமிக்ஸ், அதாவது அழுத்தினால் மின்னழுத்தம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் சற்றே நீண்டு சுருங்கும் சுட்ட பீங்கான். லைட்டரில் ஒரு சின்னச் சுத்தி அதை அடிக்கும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பொறி தெறிக்கிறது. ஸ்கேன் கருவியின் முனையில் அதே வகைப் பொருள் மெல்லிய கீற்றுகளாக வரிசையாக இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அது அதிர்ந்து, காதுக்குக் கேட்காத ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. எதிரொலி வந்து மோதும்போது மறுபடி மின்சாரமாக்கித் தருகிறது. பாட்டியின் இதயம் திரையில் தெரிந்தது அப்படித்தான்.

இந்தப் பண்பை 1880இல் பாரிஸில் கண்டுபிடித்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள். குவார்ட்ஸ் போன்ற இயற்கைப் படிகங்களில் கண்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பேரியம் டைட்டனேட் வந்தது. சூளையில் சுட்டெடுக்கும் பீங்கானையும் இப்படி வேலை செய்ய வைக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. 1950களில் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் கலந்த பிஇசட்டி என்ற பீங்கான் வந்தது. இன்றுவரை அதிகம் பயன்படுவது அதுதான்.

பீங்கான் பற்றிய படிப்பு என்றதும் மாமா தொலைபேசியில் "ஓடு சுடுகிற படிப்பா?" என்று கேட்டாராம். ஆமாம், சுடுவதுதான். ஆனால் எப்படிச் சுடுகிறார்கள் என்று கேளுங்கள். பிஇசட்டிக்கான ஆக்சைடு பொடிகளை எடைபோட்டு, உருளைக் கலத்தில் கடினக் குண்டுகளோடு மணிக்கணக்கில் அரைத்து, ஒருமுறை சூடாக்கிக் கூட்டுப்பொருளாக்கி, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, 1,200 பாகை செல்சியஸ் அளவில் சுடுவார்கள். அந்த வெப்பத்தில் ஈயம் ஆவியாகி ஓடிவிடும். கலவை கெடாமலிருக்க மூடிய கலத்துக்குள், ஈயம் கலந்த பொடியால் சூழ வைத்துத்தான் சுட வேண்டும். சுட்டு எடுத்த வில்லை அப்போதும் ஒன்றும் செய்யாது. அதற்குள் கோடிக்கணக்கான சின்னச் சின்னப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் நேர்மின்னும் எதிர்மின்னும் சற்று விலகி நிற்கும். ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு திசை பார்ப்பதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். இருபுறமும் வெள்ளி உலோகம் பூசி, சூடான எண்ணெயில் வைத்து, ஒரு மில்லிமீட்டருக்கு சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் அவை பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்புகின்றன. மின்சாரத்தை நிறுத்தினாலும் திரும்பியபடியே நிற்கின்றன. இப்படித் திருப்பவும் நிலைநிறுத்தவும் முடிகிற பொருளைத்தான் ஃபெர்ரோஎலெக்ட்ரிக் என்கிறார்கள். பெயரிலுள்ள 'ஃபெர்ரோ'வைப் பார்த்து இரும்பு என்று நினைக்க வேண்டாம், காந்தத்தோடு உள்ள ஒற்றுமையால் வந்த பெயர் அது.

அடுத்து, அவள் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ளக்கூடிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. பிஇசட்டியின் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஈயம். ஈயம் நச்சு. மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பியச் சட்டம் இந்தப் பீங்கானுக்கு விலக்குத் தந்து வருகிறது, ஏனென்றால் எல்லா இடத்திலும் அதற்கு ஈடான மாற்று இன்னும் இல்லை. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பொட்டாசியம், சோடியம், நையோபியம் கொண்ட ஈயமில்லாப் பீங்கானைத் துகள்கள் ஒரே திசையில் அடுக்கும்படி வளர்த்து, பிஇசட்டிக்கு இணையான திறனை எட்டிக் காட்டினார்கள். அதை மலிவாக, வெப்பம் மாறினாலும் தடுமாறாமல், லட்சக்கணக்கில் ஒரே மாதிரி செய்வது இன்னும் கடினமாகவே இருக்கிறது. பதினெட்டு வயதில் தொடங்குகிறவளுக்கு அங்கே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இதற்கு வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் என்ஜினியரிங் தனிப் பள்ளியாகவே இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. (சித்தி குழம்பிப் போனாராம். இது பொருளறிவியல், பொருளியல் அல்ல.) ஏ ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் பொருள் ஆய்வுக் கழகமும் இங்கேயே, ஃபியூஷனோபொலிஸில் இருக்கிறது. அதே அமைப்பின் நுண்மின்னணுவியல் கழகம், சில்லு நிறுவனமான எஸ்டி மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ், ஜப்பானியக் கருவி நிறுவனமான உல்வாக் ஆகிய மூன்றும் சேர்ந்து, சிலிக்கான் வில்லையில் இந்தப் பொருளை மென்படலமாகப் படியவைக்கும் ஆய்வு உற்பத்தித் தடத்தை 2020இல் அங் மோ கியோவில் அறிவித்தன. ஈசூனிலிருந்து எம்ஆர்டி ரயிலில் இரண்டு மூன்று நிறுத்தம்தான்.

"பெண் பிள்ளைக்கு உலைக்களமா?" என்று கேட்கிறார்கள் அல்லவா? இந்த மென்படலத் துறையில் உலகெங்கும் மதிக்கப்படும் பெயர்களில் ஒன்று சூசன் ட்ரோலியர் மெக்கின்ஸ்ட்ரி, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை. இதற்குமேல் அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

குடிமக்களுக்கான மானியத்துக்குப் பிறகு இங்கே பொறியியல் கட்டணம் ஆண்டுக்கு 8,000 வெள்ளியைச் சற்றுத் தாண்டும். நான்கு ஆண்டு. அதில் 90 விழுக்காடு வரை கல்விக் கட்டணக் கடன் உண்டு, படிக்கும்வரை வட்டி இல்லை. உங்கள் தாளில் இருக்கும் தொகைக்குப் பக்கத்தில் இதை எழுதிப் பாருங்கள்.

கஷ்டமும் உண்டு, மறைக்கமாட்டேன். ஆய்வாளராக வேண்டுமானால் பட்டத்துக்குப் பிறகு முனைவர் படிப்பு, பெரும்பாலும் நான்கு ஆண்டு. அதற்கு ஆய்வு உதவித்தொகை கிடைக்கும், சில உதவித்தொகைகளில் ஒப்பந்தக் கடமை இருக்கும், படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவர் சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். வில்லை விரிசல் விடும், வாரக்கணக்கான வேலை ஓர் இரவில் சூளையில் வீணாகும். அவளிடம் இதையும் சொன்னேன். "விரிசல் ஏன் விடுகிறது?" என்றுதான் திருப்பிக் கேட்டாள்.

பல்கலைக்கழக விண்ணப்பம் மூட அதிக நாள் இல்லை. முதல் தெரிவை அவளே எழுதட்டும், அவள் எழுதும்போது மாமாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மாமாவிடம் நான் பேச வேண்டுமென்றால் எண்ணைக் கொடுங்கள், பேசுகிறேன். வீட்டு முகவரிடம் மட்டும் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.