32 பிட்டில் ஓடியது, 64 பிட்டில் ஏன் விழுகிறது?

கேள்வி: கிளிப்போர்டில் இருக்கும் தமிழ்ச் சொற்களை எடுத்து எழுத்துப்பிழை பார்க்க, பைத்தானில் சிடைப்ஸ் (ctypes, சி மொழி ஃபங்ஷன்களை அழைக்க உதவும் மாட்யூல்) வழியாக விண்டோஸ் ஃபங்ஷன்களை அழைத்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். பழைய கணினியில், 32 பிட் பைத்தானில், ஒழுங்காக ஓடுகிறது. வீட்டில் 64 பிட் பைத்தானில் ‘ஆக்சஸ் வயலேஷன்’ என்று நின்றுவிடுகிறது. ஒரு வரிகூட மாற்றவில்லையே?

பதில்: நீங்கள் எழுதாமல் விட்ட நான்கு வரிகள்தான் காரணம்.

விண்டோஸ் ஃபங்ஷன்களை வைத்திருக்கும் டிஎல்எல் கோப்பில் ஃபங்ஷனின் பெயர் இருக்கும். அது எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்ற விவரம் இருக்காது. சி மொழியில் எழுதுகிறவருக்கு ஹெடர் கோப்பு அதைச் சொல்லிவிடும். சிடைப்ஸுக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் எல்லா ஃபங்ஷனும் ஒரு இன்ட்டைத்தான் (முழு எண்) தரும் என்று அதுவாகவே வைத்துக்கொள்கிறது. இன்ட் 32 பிட். 32 பிட் பைத்தானில் பாயிண்டரும் (நினைவக முகவரி) அதே அகலம் என்பதால் தப்பு வெளியே தெரியவில்லை. 64 பிட்டில் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டுவிடுகிறது. தெருப்பெயரை விட்டுவிட்டுக் கதவு எண்ணை மட்டும் எழுதிய கடிதம் மாதிரி.

சரி, மருந்து: கிளிப்போர்டில் இருப்பதை எடுத்துத் தரும் கெட்கிளிப்போர்டுடேட்டா, அதன் முகவரியைத் தரும் குளோபல்லாக் இரண்டுக்கும் ரெஸ்டைப் (restype, திருப்பித் தருவதன் வகை) கொடுங்கள். முதலாவதற்கு ஹேண்டில் (விண்டோஸ் ஒரு பொருளுக்குத் தரும் அடையாளம்), அடுத்ததற்கு வாய்ட் பாயிண்டர். இதோடு நிறுத்திவிட்டால், முழு முகவரியை அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கும்போது ‘இன்ட் டூ லாங் டு கன்வர்ட்’ என்று ஒரு பிழை வரும். பலர் இந்த இடத்தில்தான் குழம்பி, போட்ட ரெஸ்டைப்பையே எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். குளோபல்லாக், குளோபல்அன்லாக் இரண்டுக்கும் ஆர்க்டைப்ஸில் (argtypes, வாங்குவதன் வகை) ஹேண்டில் என்று சேருங்கள். நான்கு வரிகள் ஆகிவிட்டன.

‘ஜன்னலைத் தேடித் தரும் ஃபைண்ட்விண்டோவை இப்படி எதுவும் சொல்லாமல்தான் அழைக்கிறேன், ஓடுகிறதே’ என்று கேட்கலாம். ஓடும். 32 பிட் நிரல்களோடு ஒத்துப்போவதற்காக, 64 பிட் விண்டோஸிலும் ஜன்னல் ஹேண்டிலில் 32 பிட்டுக்கு மேல் பொருள் இல்லாதபடி மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. கிளிப்போர்டு தருவது நிஜ நினைவகம் சார்ந்தது. அதற்கு அந்தச் சலுகை கிடையாது. என்னைக் கேட்டால் எந்த ஃபங்ஷனாக இருந்தாலும் ரெஸ்டைப், ஆர்க்டைப்ஸ் இரண்டையும் எழுதிவிடுவதுதான் நிம்மதி.

அப்புறம், சிறிய எழுத்து விண்டிஎல்எல் (windll) வழியாக அழைக்காமல், பெரிய எழுத்து விண்டிஎல்எல்லில் (WinDLL) கெர்னல்32, யூசர்32 இரண்டையும் தனியாகத் திறந்துகொள்ளுங்கள். முன்னது நிரல் முழுவதற்கும் பொது. நீங்கள் போட்ட வகை இன்னொரு மாட்யூலைக் கெடுக்கும், அவர்கள் போட்டது உங்களைக் கெடுக்கும். திறக்கும்போதே யூஸ்_லாஸ்ட்_எரர் கொடுத்தால் பிழை எண்ணும் நம்பகமாகக் கிடைக்கும்.

கிளிப்போர்டில் கேட்கும் வடிவம் 13 தானா என்று பாருங்கள், அது யூனிகோடு. 1 என்று கேட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள்தான் வரும், ஏனென்றால் விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட்பேஜ் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துப் பட்டியல்) எதுவும் இல்லை.

குளோபல்லாக் முகவரி எதுவும் தராமல் ‘நன்’ (None) என்று தந்தால் மேலே போகாதீர்கள். குளோஸ்கிளிப்போர்டை ஃபைனலியில் (பிழை வந்தாலும் ஓடும் பகுதி) வையுங்கள். மறந்தால் உங்கள் நிரல் மூடும்வரை மற்ற நிரல்களில் காப்பி, பேஸ்ட் நின்றுவிடும். கிடைத்த நினைவகத்தை விடுவிக்க வேண்டாம், அது கிளிப்போர்டின் சொத்து.

இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் என்றால், பைத்தானோடு வரும் டிகின்டரின் கிளிப்போர்டு_கெட் இதே எழுத்துகளை ஒரே வரியில் தந்துவிடும்.