ஹெவி மெட்டலுக்குப் பியானோ தாங்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிரம்ஸ், கிதார் எதுவும் இல்லாமல் தனி பியானோவில் ஹெவி மெட்டல் வாசித்துப் பிழைக்க முடியுமா? அப்படி யாராவது இருக்கிறார்களா?

பதில்: இருக்கிறார்கள். கீவ் நகரில் பிறந்த விக்டோரியா யெர்மோலியேவா முறையாக கிளாசிக்கல் பியானோ படித்தவர். மெட்டல் பாட்டுகளைக் காதால் கேட்டே பியானோவுக்கு எழுதி, யூடியூபில் ‘வீகே கோஸ் வைல்ட்’ என்ற பெயரில் வாசித்துப் பெயர் வாங்கினார். அமெரிக்காவின் ஸ்காட் டி. டேவிஸ், மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் பாட்டுகளுக்கென்றே ஒரு பியானோ ஆல்பம் போட்டவர். ஜோர்டன் ரூடஸ் ஒன்பது வயதில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் சேர்ந்தவர்; 1999-ல் ட்ரீம் தியேட்டர் என்ற மெட்டல் குழுவுக்கு வந்தார், தனி பியானோ கச்சேரிகளும் செய்கிறார்.

வருமானம் ஒரே இடத்திலிருந்து வரும் என்று நம்பி இறங்காதீர்கள். வீடியோ, நோட்ஸ் (அச்சிட்ட இசைக்குறிப்பு) விற்பனை, கச்சேரி, வகுப்பு என்று நாலா பக்கமும் சிறுகச் சிறுகத்தான் சேரும். கிளாசிக்கல் பயிற்சியைத் தாண்டிக் குதித்து இதற்கு வரலாம் என்பதும் நடக்காது. இசையமைப்பாளர் பிரான்ஸ் லிஸ்ட் எழுதிய ஆக்டேவ் ஓட்டங்களை (ச-வையும் மேல் ச-வையும் ஒரே கையால் சேர்த்து அடிப்பது) வாசித்துப் பழகிய கைக்குத்தான் இந்த வேகம் வரும்.

கேள்வி: கிதாரில் இடி மாதிரி விழுகிற ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு சுர வரிசை), அதே சுரங்களைப் பியானோவில் வாசித்தால் சப்பென்று இருக்கிறதே, ஏன்?

பதில்: அதே சுரங்களை மட்டும் வாசிப்பதால்தான்! கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு; மெட்டல் கிதாரின் பவர் கார்டு என்பது நம் கணக்கில் ச, ப, மேல் ச. அவ்வளவுதான். கிதாரின் கனத்த ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமம் சுமார் 123.5. ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் வழியாக இரண்டும் சேர்ந்து போகும்போது, இரண்டையும் கழித்தால் வரும் 41 ஹெர்ட்ஸும் ஒலியில் முளைக்கிறது. அது கீழ் ஸ்தாயி ச. கிதாரிஸ்ட் அதை வாசிப்பதே இல்லை, ஆனாலும் நம் காதில் விழுகிறது. போதாக்குறைக்கு பேஸ் கிதாரும் அங்கேதான் நிற்கிறது. பியானோவில் இந்த இலவசச் சுரம் கிடையாது, நீங்கள்தான் போட வேண்டும். இடது கைச் சுண்டுவிரல் கீழ் ச, கட்டைவிரல் நடு ச. பஞ்சமத்தை வலது கைக்குக் கொடுத்துவிடுங்கள். இடது கையில் காந்தாரத்தைச் சேர்த்தால் காரியம் கெட்டது. அந்த ஆழத்தில் ச-வும் க-வும் பக்கத்தில் பக்கத்தில் ஒலித்தால் வெறும் உறுமல்தான் மிஞ்சும்.

அடுத்த குற்றவாளி, ஒலியை நீட்டுகிற பெடல். கிதாரிஸ்ட் உள்ளங்கையைக் கம்பியில் வைத்து அமுக்கி வாசிக்கிற ‘பாம் ம்யூட்’தான் மெட்டலின் முதுகெலும்பு. இரண்டு அடிகளுக்கு நடுவே விழுகிற மௌனத்தில்தான் அந்தக் கனம் இருக்கிறது. பெடலை மிதித்தபடியே வாசித்தால் மௌனம் போய்விடும். ரிஃப் முழுக்கப் பெடல் இல்லாமல், ஸ்டக்காட்டோவாக (சுரங்களை வெட்டி வெட்டி) வாசியுங்கள். நீண்டு நிற்கும் கார்டுக்கு மட்டும் மிதியுங்கள். கம்பிகள் படுத்த வாக்கில் இருக்கும் கிராண்ட் பியானோவானால், இடது உள்ளங்கையால் கம்பிகளை சுருதி சேர்க்கும் ஆணிகள் (ட்யூனிங் பின்) உள்ள முனையில் அழுத்திக்கொண்டு வலது கையால் கட்டையைத் தட்டிப் பாருங்கள், அச்சு அசல் பாம் ம்யூட் வரும். பிறகு கம்பியை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், வியர்வை பட்டால் செம்புச் சுற்று கறுத்துப்போகும்.

நீண்ட கார்டு இன்னொரு தலைவலி. டிஸ்டார்ஷன் கிதார் ஒலியை அதே கனத்தில் இழுத்துப் பிடிக்கும். பியானோ ஒலி அடித்த கணமே தேயத் தொடங்கும். தேய்வதற்குள் மேல் ஸ்தாயியில் ட்ரெமலோவோ (சுரங்களை விறுவிறுவென்று மாற்றி மாற்றி அடிப்பது) உடைத்த கார்டோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) கொடுத்து நிரப்புங்கள். உறுமலாகப் பாடுகிற பகுதிக்குச் சுரம் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். அதன் தாளத்தை மட்டும் எடுத்து வலது கையில் தட்டினால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் வேகமான இடங்களில் பாதி சுரம் ஒலிக்கவே மாட்டேன் என்கிறது. கோளாறு என் விரலிலா, பியானோவிலா?

பதில்: பெரும்பாலும் பியானோவில். நிமிடத்துக்கு 200 அடி ஓடும் பாட்டில் அடிக்கு இரண்டு சுரம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 7; நான்கு என்றால் 13-க்கும் மேல். அப்ரைட்டில் கட்டை கிட்டத்தட்ட முழுவதும் மேலே வந்தால்தான் சுத்தியல் அடுத்த அடிக்குத் தயாராகும். வினாடிக்கு ஏழுதான் அதன் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராண்டில் கட்டை பாதி எழும்பினாலே போதும். 1821-ல் எரார் நிறுவனம் காப்புரிமை வாங்கிய இரட்டை எஸ்கேப்மென்ட் என்ற சுத்தியல் பொறியமைப்பு செய்கிற வேலை அது. அப்ரைட்டில் தப்பிக்கும் வழி, ஒரே கட்டையைக் குத்தாமல் கீழ் ச, மேல் ச என்று மாற்றி மாற்றி வாசிப்பது. ஒவ்வொரு கட்டைக்கும் வேகம் பாதியாகிவிடும், வேகத்தில் கேட்பவருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. கட்டையை லேசாக அமுக்கும்போது சுத்தியல் அசையாமல் கட்டை மட்டும் ஆடினால், ட்யூனரிடம் ‘லாஸ்ட் மோஷன்’ சரிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பத்து நிமிடம் ஆக்டேவ் வாசித்தாலே முன்கை கல்லாகிவிடுகிறது.

பதில்: நிறுத்துங்கள். வலியோடு வாசித்துப் பலம் ஏற்ற முடியாது, தசைநார் வீக்கம்தான் வரும். பாட்டின் வேகத்தில் 60 சதவீதத்தில் தொடங்கி, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நான்கு நான்காக ஏற்றுங்கள். மணிக்கட்டு இறுகும் இடம் வந்ததும் பத்து இறக்கி அங்கேயே சில நாள் இருங்கள். சத்தம் கையின் எடையிலிருந்து வர வேண்டும். சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் விறைத்து விரித்தபடியே வைத்திருந்தால் எந்தக் கையும் தாங்காது.

கேள்வி: அடுத்தவர் பாட்டை வாசித்து வெளியிட அனுமதி வேண்டுமா?

பதில்: எதை வெளியிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஆடியோவுக்குச் சட்டப்படியான கட்டாய உரிமம் உண்டு. 2024-ல் ஐந்து நிமிடத்துக்குள் இருக்கும் பாட்டுக்குப் பிரதி ஒன்றுக்கு 12.4 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. வீடியோ இதில் அடங்காது. யூடியூபில் பாட்டின் உரிமையாளர் விளம்பர வருமானத்துக்கு உரிமை கோரலாம், சில பாட்டுகளில் உங்களுக்கும் பங்கு தரலாம். நோட்ஸ் விற்க பதிப்பாளரின் தனி அனுமதி வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 31சி-யின்படி அடுத்தவர் பாட்டை ஒலிப்பதிவு செய்ய, முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும். பாட்டை இஷ்டப்படி மாற்றவும் கூடாது. பியானோ வடிவத்துக்கு உரிமையாளரிடம் நேரடியாக அனுமதி கேட்பதே சுலபம்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? கீபோர்டில் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தால் ஆகாதா?

பதில்: தாராளமாக. டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ஜான் லார்ட் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் கிதார் ஆம்ப்ளிஃபயரில் செருகியே வாசித்தார். ஆனால் டிஸ்டார்ஷன் போட்டபின் பத்து விரலுக்கும் வேலை கொடுக்காதீர்கள். ச-வும் ப-வும் போதும். முழுக் கார்டு வாசித்தால் வெறும் இரைச்சல்.