லித்தியம் தேவை: இரு அறிக்கைகளில் ஐந்து மடங்கு வித்தியாசம் ஏன்?

இரண்டு அறிக்கைகளுமே சரியாக இருக்கக்கூடும், அலகுதான் வேறு. ஒரே ஆண்டுக்கான லித்தியம் தேவை ஒன்றில் மற்றதைவிட ஐந்து மடங்கு அதிகம் என்கிறீர்கள். சிறிய எண் தூய லித்தியத்தின் எடையாகவும், பெரியது அதற்கு ஈடான லித்தியம் கார்பனேட்டின் எடையாகவும் இருக்க வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் முதல் வகையில் கணக்கிடுகிறது. சந்தை அறிக்கைகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஒரு டன் லித்தியம் 5.323 டன் கார்பனேட்டுக்கு ஈடு, எனவே பெரிய எண்ணை 5.323-ஆல் வகுத்துப் பாருங்கள், சிறிய எண்ணுக்கு அருகில் வர வேண்டும். அட்டவணையின் அடிக்குறிப்பையும் அவசியம் படியுங்கள், அலகு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பெரிய எண் கார்பனேட்டுக்குப் பதிலாக லித்தியம் ஹைட்ராக்சைடு மோனோஹைட்ரேட் (மின்கலங்களுக்குப் பயன்படும் மற்றொரு லித்தியம் சேர்மம்) கணக்கென்றால் வகுக்க வேண்டிய எண் ஏறத்தாழ 6.05.

வகுத்த பிறகும் கணிசமாக இடித்தால் அது அலகுச் சிக்கல் அல்ல. பழைய மின்கலங்களிலிருந்து மீட்கும் லித்தியத்தைக் கழித்தார்களா, அரசுகளின் எந்தக் கொள்கைகள் நடைமுறையில் இருக்கும் என்று வைத்துக் கணித்தார்கள் என்று பாருங்கள். அதுவரை இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.