மச்சான் வாங்கிய கடனும் மண்டித் தரகரும்: கூட்டு வியாபாரக் கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்தில் வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷம் கட்டு சுமந்தவன் நான். ஏஜென்சி (ஒருத்தருக்காக இன்னொருத்தர் காரியம் நடத்துவது), கூட்டு வியாபாரம் பற்றிக் கேளுங்கள் என்றேன்; வந்த கேள்விகளும் என் பதிலும் இதோ.

அண்ணே, முதுநகரில் மச்சானும் நானும் சேர்ந்து மீன் வியாபாரம் பண்றோம். பத்திரம் எதுவும் எழுதலை. மச்சான் எனக்குத் தெரியாம ஐஸ் கம்பெனியில 3 லட்சத்துக்குக் கடன் வெச்சிருக்கார். இப்ப அவங்க என் வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. நான் கட்டணுமா?

கட்டத்தான் வேணும் தம்பி. 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்துக்குப் பத்திரம் அவசியமில்லை, வாய்ப்பேச்சே போதும். அதன் 18-வது பிரிவு ஒவ்வொரு கூட்டாளியையும் நிறுவனத்துக்கு ஏஜென்ட் ஆக்குகிறது. மீன் வியாபாரத்துக்கு ஐஸ் வாங்குவது வழக்கமான காரியம், அதனால் அவர் கையெழுத்து உங்களையும் கட்டும். "கடன் வாங்காதே"ன்னு வீட்டுக்குள்ள நீங்க போட்ட தடை ஐஸ்காரருக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் செல்லும். 25-வது பிரிவுப்படி மொத்தத் தொகையையும் உங்க ஒருத்தர்கிட்டயே கேட்கலாம். மச்சானே கடையை அடமானம் வெச்சிருந்தா கதை வேற. அசையாச் சொத்தை மாத்திக் கொடுக்கிற அதிகாரம் தானா வராது.

பதிவு பண்ணாததால இன்னொரு சங்கடம் இருக்கு. உங்களுக்குப் பணம் தராத ஓட்டல்காரர் மேல நிறுவனம் வழக்குப் போட முடியாது, அவர் உங்க மேல போடலாம். மச்சான்கூட வியாபாரத்தைக் கலைச்சுக் கணக்குக் கேட்க மட்டும் வழி திறந்திருக்கு. பதிவை முடிச்சுட்டு அப்புறம் வசூல் வழக்கைப் போடுங்க. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை, அவ்வளவுதான். இதுக்குச் சோம்பல்பட்டுப் பல லட்சம் விட்டவங்களைப் பார்த்திருக்கேன்.

படகுல வர்ற ஆளுங்களுக்கு மீன் வித்த பணத்துல பங்கு தர்றோம். நாளைக்கு அவங்களும் பங்காளின்னு நிப்பாங்களா?

மாட்டாங்க. லாபத்தில் பங்கு வாங்கினாலே கூட்டாளி ஆகிவிட முடியாது. கூலியாகத் தருவது கூலிதான் என்கிறது 6-வது பிரிவு. 1860-லேயே, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இதைத் தெளிவாக்கிவிட்டது. ஒருத்தர் நடத்தும் வியாபாரம் மத்தவர் சார்பாகவும் நடக்குதா என்பதுதான் கேள்வி. (நம்ம பேச்சில் தாயாதிக்கும் பங்காளின்னுதான் பேர். ரெண்டு இடத்திலும் சண்டைக்குப் பஞ்சமில்லை.)

பண்ருட்டி சார் நான். என் முந்திரியை வித்துக் கொடுக்கிற தரகர் வாங்குறவர்கிட்டயும் ரகசியமா கமிஷன் வாங்கியிருக்கார்.

அந்தப் பணம் உங்களுக்குச் சேர வேண்டியது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்ட், முதலாளிக்குத் தெரியாமல் தனக்கென்று ஒரு பைசாவும் தேடக்கூடாது. அந்த வியாபாரத்துக்கு நீங்க தர வேண்டிய தரகையும் மறுக்கலாம். வாங்கினவரிடமிருந்து ஒரு எழுத்து வாங்கி வெச்சுக்கோங்க. வாய்ச்சாட்சி கோர்ட்டில் வழுக்கும்.

அப்பா சித்தப்பாவுக்குப் பவர் (தன் சார்பாச் செயல்பட அதிகாரப் பத்திரம்) கொடுத்துட்டு இறந்துட்டார். சித்தப்பா அதை வெச்சு மனையை வித்திருக்கார்.

அப்பா மூச்சு நின்றதும் பவரும் நின்றது. சித்தப்பாவுக்கு அந்தச் சொத்திலேயே உரிமை வைத்துக் கொடுத்த பவர் என்றால் விதிவிலக்கு. கிரயம் நடந்த தேதியில் இறப்பு யாருக்குத் தெரியும் என்பதில்தான் வழக்கு நிற்கும். இறப்புச் சான்றிதழையும் கிரயப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வக்கீலைப் பாருங்க.

கூட்டு வியாபாரத்துல யாருக்கு எத்தனை பங்குன்னு எழுதலைன்னா?

சரிபங்கு. உழைச்சதுக்குச் சம்பளம் கிடையாது. முதலுக்கு மேல கடனாப் போட்ட பணத்துக்கு மட்டும் வருஷத்துக்கு 6 சதவீத வட்டி.

புதுச்சேரிங்க. ரெண்டு வருஷம் முன்னாடியே கடையில இருந்து விலகிட்டேன். இப்ப சரக்குக்காரர் நோட்டீஸ் அனுப்புறார்.

விலகினதை யாருக்குச் சொன்னீங்க? பதிவான நிறுவனம்னா பதிவாளருக்குத் தகவல், அரசிதழ், ஒரு தமிழ் நாளிதழ், மூணும் வேணும். அறிவிக்காதவரை, உங்களைக் கூட்டாளின்னு நம்பிச் சரக்குக் கொடுத்தவருக்கு நீங்க இன்னும் கூட்டாளிதான். நீங்க கடையில் இருந்ததே அவருக்குத் தெரியாதுன்னா தப்பிக்கலாம். நாளைக்கே விளம்பரம் கொடுங்க.