என்ன சாப்பிட்டாய்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் பெயரைப் போட வேண்டாம். நாமக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வயது 43. 2017இல் கர்ப்பப்பையில் கட்டி என்று வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். 2 வருடம் ஒன்றுமில்லை. 2019 தீபாவளி முடிந்த வாரத்தில் திடீரென்று வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து அட்மிட் ஆனேன். பழைய ஆபரேஷனால் குடல் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அடைப்பு என்றார்கள். இதுவரை 5 தடவை வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மூக்கில் ட்யூப், ட்ரிப்ஸ், 3 நாள் பட்டினி, பிறகு தானாகவே சரியாகிவிடும்.

போன மாதம் வந்ததுதான் மோசம். காலை 8 மணிக்கு வலி ஆரம்பித்தது. முந்தின நாள் ஒரு வளைகாப்பில் சாப்பிட்டிருந்தேன். தெரிந்தால் "வாயைக் கட்ட மாட்டியா" என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் வாயு என்று சொன்னேன், மாமியார் விளக்கெண்ணெய் கொடுத்தார். ராத்திரி 11 மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஒரு டாக்டர் லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு, ஒட்டுதலைப் பிரித்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் தொடவே கூடாது என்கிறார். நான் என்ன செய்யட்டும்? இயற்கை வைத்தியத்தில் சரியாகும் என்கிறார்களே, உண்மையா? நான் கட்டுப்பாடாக இல்லாததால் வந்த வினைதானே இது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. படுத்துக்கொண்டு படிக்க நல்ல நாவல் ஒன்றும் சொல்லுங்கள்.

*

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை 3 நாள் வைத்துக்கொண்டிருந்தேன். "யாரிடமும் சொல்லவில்லை" என்ற இடம் வரும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன். காலை 8 மணிக்கு வலி, ராத்திரி 11 மணிக்கு ஆஸ்பத்திரி. 15 மணி நேரம். 4 தடவை வந்து போன நோய், அதன் முகம் உங்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் 15 மணி நேரம். எனக்குக் கோபம்தான் வருகிறது, மறைக்கவில்லை. உங்கள் மேல் பாதி, உங்கள் வீட்டார் மேல் மீதி.

நாவல் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். இயற்கை வைத்தியத்தில் ஒட்டிய குடல் பிரியாது, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். ஆனால் விளக்கெண்ணெயை அப்படி விட முடியாது. குடல் ஓரிடத்தில் மடங்கியோ இறுகியோ வழி அடைத்து நிற்கிறது. அதற்குப் பின்னால் நீரும் காற்றும் தேங்கி வீங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பேதிக்குக் கொடுத்தால் குடல் இன்னும் வேகமாக முறுக்கித் தள்ளும், போக வழி இருக்காது, வலியும் வாந்தியும் கூடும், சில நேரம் குடலே கிழியும். உங்கள் மாமியார் அன்பாகத்தான் கொடுத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் படித்தவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர், என்ன நோய் என்று தெரிந்தவர், எப்படி வாயைத் திறந்து வாங்கிக் குடித்தீர்கள்? இனிமேல் வலி வந்தால் எண்ணெய், ஓமத்தண்ணீர், சோடா எதுவும் வாய்க்குள் போகக்கூடாது.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவுக்கு இதே நோய். இன்றைக்கும் இருக்கிறது, அவள் இப்போது அறுபதை நெருங்குகிறாள். திருச்செந்தூர் பக்கம் எங்கள் ஊர். 1987இல் அவளுக்குக் குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். நீளமாகக் கிழித்துக் கழுவித் தைத்தார்கள். பிழைத்தாள். கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், அந்தத் தழும்பையே எல்லோரும் மறந்துவிட்டோம். 12 வருடம் கழித்து 1999இல் முதல் அடைப்பு வந்தது. அதன்பிறகு வருடத்துக்கு ஒன்று, சில வருடம் இரண்டு.

இரண்டாவது தடவைக்குப் பிறகு வீட்டில் அவளுக்குக் காவல் போட்டுவிட்டோம். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாலும் அத்தான், அம்மா, நான், எல்லோர் கண்ணும் அவள் இலையில்தான். மூன்றாம் வகுப்பு படித்த அவள் மகன் ஓடிவந்து "அம்மா முறுக்கு எடுத்துட்டா" என்று சொல்வான். அப்போது அதை நாங்கள் அக்கறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

2004 பொங்கலுக்கு வந்திருந்தாள். எங்கள் பக்கம் பொங்கல் என்றால் பனங்கிழங்கு. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, ஒடித்துத் தின்பது. ஒடிக்கும்போது வெள்ளை வெள்ளையாக நார் தொங்கும். அக்காவுக்கு அது விலக்கப்பட்டது, வருடத்துக்கு ஒருமுறை வருகிற வாசனை, அவள் அடுப்படியின் பின்னால் நின்று பாதிக் கிழங்கைத் தின்றிருக்கிறாள்.

விடிகாலையில் தண்ணீர் எடுக்கப் புறவாசலுக்குப் போனேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலை மடக்கி வயிற்றோடு அணைத்து, முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வரக்கூடாது என்று. பக்கத்தில் மணலைக் காலால் தள்ளி நாலைந்து இடத்தில் மூடியிருந்தது. ராத்திரி முழுக்க வாந்தி எடுத்து, எடுத்து, ஒவ்வொன்றாக மூடியிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகும் நான் கேட்ட முதல் கேள்வி, "கெழங்கு தின்னியாக்கா?"

"இல்லடே, வாயுதான்" என்றாள்.

நானும் நம்பினேன். சண்டை வேண்டாம் என்று நம்பினேன் என்பதுதான் சரி. பிற்பகல் 3 மணிக்கு உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்த பிறகுதான் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனோம். அன்றிரவே வயிற்றைத் திறந்தார்கள். குடலில் இரண்டரை அடி கறுத்துப்போயிருந்தது, வெட்டி எடுத்தார்கள்.

மறுநாள் காலை சர்ஜன் ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் பேனாவால் வரைந்து காட்டினார். பழைய ஆபரேஷன் தழும்பிலிருந்து குடலுக்கு ஒரு கயிறு மாதிரி வளர்ந்திருக்கிறது. பாவாடை நாடா அளவுதான் இருக்கும். அதற்கு அடியில் ஒரு வளையம் குடல் நுழைந்து முறுக்கிக்கொண்டது, ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. நான் கேட்டேன், "கிழங்கு தின்னதாலயா சார்?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கஞ்சி குடிச்சிருந்தாலும் மாட்டியிருக்கும். கிழங்கை விடுங்க, ஏன் இவ்வளவு நேரம் கழிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க?"

20 வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு என்னிடம் அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

டீச்சர், "கட்டுப்பாடாக இல்லாததால் வந்த வினை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். உங்கள் வயிற்றுக்குள் நடந்தது இதுதான். வயிற்றறையின் உட்புறத்தையும் குடலின் மேற்புறத்தையும் வழவழப்பான மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதனால்தான் கிட்டத்தட்ட 20 அடி நீளமுள்ள சிறுகுடல் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கிடக்கிறது. கத்தி படும்போதும், கை படும்போதும், காற்றில் காயும்போதும் அந்தச் சவ்வில் சிராய்ப்பு ஏற்படுகிறது. அந்த இடத்தில் கசிகிற பசை சில மணி நேரத்திலேயே பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், கஞ்சி போட்ட வேட்டியின் மடிப்புகள் ஒட்டிக்கொள்கிற மாதிரி. பெரும்பாலும் சில நாட்களில் உடம்பே அதைக் கரைத்துவிடும். கரையாத இடத்தில் நார் வளர்ந்து, அதில் ரத்தக் குழாயும் ஓடி, நிரந்தரமாகிவிடும். உங்கள் குடல் ஒட்டத் தொடங்கியது நீங்கள் ஆபரேஷன் மேஜையில் மயக்கத்தில் கிடந்தபோது. அந்த நேரத்தில் உங்கள் வாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போயிருக்காது.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் ஏதோ ஓர் ஒட்டுதல் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது சாகும்வரை தெரியாது. ஸ்காட்லாந்தில் 1986இல் வயிற்றிலோ இடுப்பறையிலோ ஆபரேஷன் செய்துகொண்ட கிட்டத்தட்ட 30,000 பேரை 10 வருடம் தொடர்ந்து பார்த்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்டுதலால், அல்லது ஒட்டுதலாக இருக்கலாம் என்ற காரணத்தால், அல்லது மறுபடி வயிற்று ஆபரேஷனுக்காக, மூன்றில் ஒருவர் சராசரியாக 2 தடவை ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் வாயைக் கட்டாதவர்களா? இன்னொன்று சொல்கிறேன். சர்ஜன்கள் கையுறை எளிதாக மாட்டுவதற்காக அதற்குள் மாவு தூவியிருப்பார்கள். அந்த மாவு வயிற்றுக்குள் உதிர்ந்தால் ஒட்டுதல் கூடும் என்று பல காலமாகத் தெரிந்திருந்தும், அமெரிக்கா அதைத் தடை செய்தது 2017 ஜனவரியில்தான். வளைகாப்புச் சாப்பாட்டைப் பற்றிக் குற்ற உணர்ச்சிப்படுகிறீர்கள், இப்படி ஒரு மாவு இருந்ததாவது உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே குறுகிய இடத்தில் நார்ச்சக்கை போய்ச் சிக்கலாம். பனங்கிழங்கு, வாழைத்தண்டு, முருங்கைச் சக்கை, பலா, ஆரஞ்சுச் சுளையின் தோல், சோளம், காளான் இவற்றைத் தள்ளி வையுங்கள், எதையும் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடுங்கள். அது சைக்கிளில் போகிறவர் குழி பார்த்துப் போவது மாதிரி. குழியில் விழுந்தவரைத் தூக்கும்போது "ஏன் பார்த்து வரல" என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, எங்கே அடி என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். ஐயா, உங்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் மனைவிக்கு வலி வந்தால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதீர்கள், அன்றைக்கு மட்டுமாவது கேட்காதீர்கள். காற்றுப் பிரிந்ததா, எப்போது கடைசியாகப் பிரிந்தது என்று கேளுங்கள். வாந்தி என்ன நிறம், பச்சையா, பழுப்பா? வயிறு உப்பியிருக்கிறதா? வலி விட்டு விட்டு வருகிறதா, விடாமல் இருக்கிறதா? விட்டு விட்டு வந்த வலி விடாமல் பிடித்துக்கொண்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ, நாடி படபடவென்று ஓடினாலோ, வயிற்றைத் தொட விடாமல் துடித்தாலோ குடலுக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம், அங்கே மணிக்கணக்கு முக்கியம். அவர் ஒரு வளைகாப்பு முழுவதையும் தின்றுவிட்டு வந்திருந்தாலும் இதில் எதுவும் மாறாது. உங்கள் வீட்டில் கேட்கப்படுகிற அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவர் 15 மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என் அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

2004க்குப் பிறகு நாங்கள் யாரும் அக்காவைக் கேட்பதில்லை. அவளே சொல்லிவிடுகிறாள். "டே, வலி வந்துட்டு, நேத்து கொய்யா தின்னேன்" என்று போனில் சிரித்துக்கொண்டேகூடச் சொல்லியிருக்கிறாள், அரை மணி நேரத்தில் ஆட்டோவில் ஏறிவிடுகிறாள். ட்யூப் போட்டு, ட்ரிப்ஸ் போட்டு இரண்டு மூன்று நாள், அப்புறம் ஒரு போன் வரும். "பிரிஞ்சிட்டுடே." காற்றைத்தான் சொல்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்காக வார்டுக்கு வெளியே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆபரேஷன் கேட்டிருந்தீர்கள். உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்த இருவருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை, நான் மருத்துவன் இல்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரிப்பதற்காகத் திறந்தால் அந்தக் காயத்திலும் புதிதாக ஒட்டும், பிரிக்கும்போது குடலில் ஓட்டை விழவும் கூடும். ஆனால் ஒரே ஒரு நாடாதான் காரணம் என்றால் வெட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. அடைப்பு இருந்தபோது எடுத்த சி.டி. ஸ்கேன் படத்தை இருவரிடமும் காட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் அடைக்கிறதா, பல இடத்திலா என்று கேளுங்கள். நம் ஊரில் குடல் காசநோயும் இப்படியே அடைத்து அடைத்து விடும், அது இல்லையென்று பார்த்துவிட்டார்களா என்றும் கேளுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. 2017இல் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போய் ஆபரேஷன் நோட்ஸ் நகல் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு போதாது, உள்ளே என்ன பார்த்தார்கள், என்ன செய்தார்கள் என்று சர்ஜன் எழுதிய பக்கம் வேண்டும். நாளானால் பழைய ஃபைல் கிடைப்பது கஷ்டம், ஆகவே பரீட்சைத் தாள் திருத்த வேண்டும், லீவு இல்லை என்றெல்லாம் சொல்லாமல் இந்த வாரமே போய் வாங்குங்கள். வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அப்போது நாவலும் சொல்கிறேன்.