தொழில் கேள்வி-பதில்: பில் போட்டாச்சு, பணம் எங்கே?

கோவையில் மூன்று லேத் வைத்து பம்ப் உதிரிபாகம் கடைந்து தருகிறேன். மாதம் 4 லட்சத்துக்கு பில் போடுகிறேன். லாபம் இருக்கிறது. ஆனால் பார்ட்டி 90 நாள் இழுப்பதால், சம்பளம் போட நகையை அடகு வைக்க வேண்டியிருக்கிறது. என்ன வழி?
– வாசகர், கணபதி

உங்கள் லாபம் பில்லில் இருக்கிறது, பணம் பார்ட்டியிடம் இருக்கிறது. மாதம் 4 லட்சம், 90 நாள் என்றால் எப்போது பார்த்தாலும் 12 லட்சம் வெளியே நிற்கும். வட்டியில்லாமல் நீங்கள் அவருக்குக் கொடுத்த கடன் அது. இதற்கு மேல் ஜிஎஸ்டி. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால், ஜனவரி பில்லுக்கு பிப்ரவரி 20-க்குள் வரி கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் தருவதோ ஏப்ரலில். வரி 18 சதவீதம் என்றால் ஒரு மாத பில்லுக்கு 72,000 ரூபாய். பார்ட்டி தரும் பொருளைக் கடைந்து கூலி மட்டும் வாங்குபவருக்கு, அதில் கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரியும் (தான் வாங்கியதற்குக் கட்டிய வரி) அதிகம் தேறாது.

முதல் வேலை, குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. கட்டணம் கிடையாது. அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பார்ட்டி 45 நாளுக்கு மேல் தவணை கேட்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். ‘எங்க கம்பெனியில 90 நாள் வழக்கம்’ என்ற பேச்சு சட்டத்தின் முன் செல்லாது.

நாள் கணக்கு பில் தேதியிலிருந்து ஓடுவதில்லை, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடுகிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். டெலிவரி சலானில் கேட் செக்யூரிட்டி சீல் மட்டும் இருந்தால் போதாது. ஸ்டோர்ஸ் ஆளின் கையெழுத்து, தேதி, பீஸ் எண்ணிக்கை மூன்றும் உங்கள் நகலில் இருக்க வேண்டும். சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை என்றால் டெலிவரி கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. 80-ஆம் நாள் ‘போர் சைஸ் (துளை அளவு) கூடிப்போச்சு’ என்று பில்லில் பணம் கழிக்கும் டெபிட் நோட் வந்தால் இந்தச் சலான்தான் உங்களைக் காப்பாற்றும். லாட்டுக்கு ஐந்து பீஸ் அளந்து, மைக்ரோமீட்டர் அளவை எழுதிய தாளையும் கூடவே அனுப்புங்கள்.

கேட்கும் காலமும் முக்கியம். குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் கெடு தாண்டி மார்ச் 31 வரை பாக்கி வைத்தால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிவு கிடைக்கும். ஆகவே பிப்ரவரியிலேயே பாக்கிப் பட்டியலை பர்ச்சேஸ் ஆளுக்கு அல்ல, அக்கவுன்ட்ஸ் துறைக்கு அனுப்புங்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

பணம் தாமதமாவது பற்றி குறு, சிறு தொழில்களுக்கான அரசின் இணையதளத்தில் புகார் செய்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘பேங்க் ரேட்’ என்ற வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்கலாம். ஆனால் புகார் போன பார்ட்டியிடமிருந்து அடுத்த ஆர்டரை எதிர்பார்க்காதீர்கள். இழந்தாலும் பரவாயில்லை என்ற பார்ட்டி மேல்தான் இதைப் பயன்படுத்த வேண்டும். அதனால்தான் ஒரே பார்ட்டியிடம் பாதிக்கு மேல் ஆர்டர் வாங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

தினம் 100 கிலோ இட்லி மாவு, கிலோ 40 ரூபாய்க்குக் கடைகளுக்குப் போடுகிறேன். எதுவுமே மிஞ்சவில்லையே?
– வாசகி, மதுரை

ரிட்டர்ன் வரும் பாக்கெட்டை எண்ணுகிறீர்களா? ஒரு கிலோ அரிசிக்கு கால் கிலோ உளுந்து போட்டால் சுமார் 3 கிலோ மாவு வரும். அரிசி 48, உளுந்து கிலோ 130 என்று வைத்தால் மாவு கிலோவுக்கு 27 ரூபாய். கவர், கரன்ட், ஆள், வண்டி எல்லாம் சேர்த்து 8 போடுங்கள், அடக்கம் 35. நூறும் விற்றால் 500 மிஞ்சும். பத்து பாக்கெட் திரும்பினால் வரவு 3,600, செலவு 3,500. மிச்சம் வெறும் 100 ரூபாய்.

கடைவாரியாக நோட்டில் ரிட்டர்ன் எழுதி, கடந்த மூன்று நாளில் விற்றதன் தினசரி சராசரியைவிட ஒன்றிரண்டு பாக்கெட் குறைத்தே போடுங்கள். மாவு சீக்கிரம் புளிக்கிறதென்றால் பெரும்பாலும் கிரைண்டர் சூடுதான் காரணம். ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். எடுக்கும்போது தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உடனே கவரில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கவரில் கால்பாகம் காலி விடாவிட்டால் பொங்கி வெடித்துவிடும்.

நண்பர் 3 லட்சம் போட்டுக் கூட்டுச் சேர்கிறேன் என்கிறார். பத்திரம் எழுத வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

எழுதுவது மட்டும் போதாது, பதிவும் செய்யுங்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், வரவேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. நிறுவனத்தின் கடனுக்கு இருவருமே முழுப் பொறுப்பு, உங்கள் சொந்த வீடு உட்பட. யார் செக்கில் கையெழுத்துப் போடுவது, மாதம் எவ்வளவு எடுக்கலாம், ஒருவர் விலகினால் பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற மூன்றையும் பத்திரத்தில் எழுதாமல் 3 லட்சத்தை வாங்க வேண்டாம்.