விளக்கு அதேதான், மிதவைதான் மாறும்

"படகு ஓட்டக் கற்றுக்கொண்டுதான் வந்தேன். இங்கே இரவில் ஓட்ட, விளக்குகளையும் வழிவிடும் விதிகளையும் திரும்பப் படிக்க வேண்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. வட அமெரிக்காவுக்கு வந்த புதிதில் எனக்கும் அதே சந்தேகம்தான்.

விளக்குகளில் பயம் வேண்டாம். 1972-இல் வகுத்த மோதல் தவிர்ப்பு விதிகள்தான் எல்லாக் கடலிலும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. ஏரி, ஆறுகளுக்கு உள்ளூர் விதிகள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் விசைப்படகின் சிவப்பு விளக்குதான் உங்களுக்குத் தெரியும். வழிவிட வேண்டியது நீங்கள். அதன் பின்பக்கமாகப் போங்கள். இடப்பக்கத்திலிருந்து பச்சை தெரிந்தால் அவர் விலகுவார், நீங்கள் வேகமும் திசையும் மாற்றாமல் போக வேண்டும். அதற்காகக் கடைசிவரை விறைப்பாகப் போகவும் கூடாது. அவர் விலகவில்லை என்று தெரிந்தால் நீங்களே விலகலாம். ஆனால் இடப்பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம். முந்துகிறவர், பாய்மரப் படகே ஆனாலும், ஒதுங்கித்தான் போக வேண்டும்.

என்னை ஏமாற்றியது ஒற்றை வெள்ளை விளக்குதான். முதல் வருடம் ஓர் இரவு, கரை விளக்கு என்று நினைத்து நேராக அதை நோக்கியே போனேன். கிட்டே போனால் நங்கூரம் போட்ட படகு! மெதுவாகப் போனதால் தப்பித்தேன். முன்னால் போகும் படகின் பின்விளக்கும் அப்படித்தான் தெரியும். 7 மீட்டருக்குக் குறைந்த, 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தைத் தாண்டாத விசைப்படகும் வெள்ளை ஒன்றோடே வரலாம். அதனால் திசைகாட்டியில் பாருங்கள். விளக்கு இருக்கும் திசை மாறாமல் நெருங்கிக்கொண்டே வந்தால் மோதப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, உண்மையிலேயே மறந்துவிட்டுப் படிக்க வேண்டியது மிதவைகளை, அதாவது படகு போகும் வழியின் ஓரங்களைக் காட்ட நீரில் மிதக்கவிடும் சிவப்பு, பச்சை அடையாளங்களை. 1980-இல் உலகம் முழுக்க ஒரே மிதவை முறை கொண்டுவரப் பார்த்தபோதும் இந்த நிற விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஒரு பக்கம். மற்றவை இன்னொரு பக்கம். நீங்கள் பழகியது, கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம். இங்கே அது வலப்பக்கம். எனக்கு இன்றைக்கும் களைப்பாக இருக்கும்போது கை பழைய பக்கத்துக்கே திரும்பப் பார்க்கும், அதனால் துறைமுக வாய் நெருங்கும் முன்பே வரைபடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.